அட்சதை கையில் இருக்கும் வரை

வாங்கியிருக்கவே கூடாது. தட்டு நீண்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு மின்விசிறியை வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தால் அந்த அம்மாள் அடுத்த வரிசைக்குப் போயிருப்பாள். பழக்க தோஷம், கை தானாக நீண்டுவிட்டது. மஞ்சள் அரிசியும் ரெண்டு ரோஜா இதழும் உள்ளங்கையில் விழுந்தன, விரல்கள் மூடிக்கொண்டன, வலது கை போச்சு. இடது கை ஏற்கெனவே போனதுதான். அதில் டெரன்ஸின் கைக்குழந்தை நோரா தூங்குகிறாள். “மச்சி, மொத பந்தி போட்டுட்டான்டா, ரெண்டு வாய் அள்ளிப் போட்டுக்கினு ஓடியாந்துர்றேன், கொஞ்சம் புடி” என்று தோளில் சாய்த்துவிட்டு மாடிப்படி இறங்கினவன்தான். தணிகைவேல் டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்த நாளிலிருந்து பக்கத்தில் நின்று பேஸ் கிடார் வாசிக்கிற அந்த மகானுபாவன், சாப்பாடு என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையையும் மறப்பான் என்பது இன்றைக்கு நிரூபணமாகிவிட்டது. ஆக, நாலாவது வரிசையில், கட்டிப் பழக்கமில்லாத வேட்டியில், ரெண்டு கையும் இல்லாதவனாகத் தணிகைவேல் உட்கார்ந்திருக்கிறான். சட்டைப் பையில் போன் உறுமுகிறது. மறுபடியும் உறுமுகிறது. உறுமாமல் என்ன செய்யும், இன்று விடிகாலையில்தான் அவர்களுடைய ஆல்பம் வெளியாகியிருக்கிறது. ‘மூணாம் கேட்’ என்கிற பெரம்பூர் ராக் பேண்டின் ‘ஆடித் தள்ளுபடி’, மொத்தம் எட்டுப் பாட்டு. ஊரே, சரி ஊரே இல்லை, ஊரில் ஒரு முந்நூறு பேராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள், கேட்டுவிட்டு எழுதுவார்கள், எழுதினது அத்தனையும் இந்தப் பைக்குள் வந்து விழுகிறது. எடுத்துப் பார்க்கத்தான் கை இல்லை. “என் முகூர்த்தத்தன்னிக்கே வரட்டும், ரெண்டு டென்ஷனையும் ஒரே நாள்ல முடிச்சுக்கலாம்” என்று சொன்னவள், பாட்டுகளை எழுதிப் பாடின சுகிர்தா, எதிரே மணமேடையில் அரக்குப் பட்டில் புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு என்ன, அவள் பாட்டு நல்ல பாட்டு. ஐந்தாவது பாட்டை அவன் கெடுத்து வைக்காமல் இருந்திருந்தால் அதுவும் நல்ல பாட்டு.

வேண்டாம், ஐந்தாவது பாட்டை இப்போது நினைக்க வேண்டாம், நல்ல காரியம் நடக்கிற இடம். வேறு எதையாவது நினைக்கலாம். மேடையை நினைக்கலாம். அதே மேடைதான், அதே மண்டபம்தான், மாப்பிள்ளை மதிவாணன் இப்போது உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில்தான் ஆடி மாசம் பூராவும் ஆல்பத்துக்காகத் தணிகைவேலின் பெரிய டிரம் உட்கார்ந்திருந்தது. மரப்பலகை போட்ட மேடை, அடித்தால் தொப்புளில் கேட்கும், அப்படி ஒரு சத்தம் எந்த ஸ்டுடியோவிலும் வராது என்று கிடார் வாசிக்கிற ஹபீப் தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னான். அவன்தான் ஒலிப்பதிவும். ஒரே தொல்லை, மிதிக்க மிதிக்க டிரம் வழுக்கிக்கொண்டு முன்னால் போனது. தணிகைவேல்தான் ஒரு மரக்கட்டையை வைத்து ஆணி அடித்து நிறுத்தினான். ஆணி. ஐயோ, ஆணி. கட்டையைக் கழற்றினது ஞாபகம் இருக்கிறது, கட்டை இன்னும் வீட்டுப் பரணில் கிடக்கிறது. ஆனால் ஆணி கட்டையோடு வந்ததா, பலகையோடு தங்கிவிட்டதா? நல்ல நீளமான ஆணி. மேடைக்குச் சிவப்பு விரிப்புப் போட்டிருக்கிறார்கள், அதன் மேல் மனைப்பலகை, அதன் மேல் மாப்பிள்ளை. மனைப்பலகை தடிமனாகத்தான் இருக்கும். இருந்தாலும் மாப்பிள்ளை இப்போது நெளிந்தாரே, இடது பக்கமாக ஒரு நெளிவு. கால்நடை டாக்டர், மாட்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து பழகினவர், சும்மா நெளிகிற ஆள் இல்லை. புகைக்கு நெளிந்திருப்பார். பட்டு வேட்டிக்கு நெளிந்திருப்பார். தணிகைவேல் தன் நாற்காலியில் ஒரு நெளிவு நெளிந்து பார்த்துக்கொண்டான். நோரா தூக்கத்தில் உதட்டைச் சப்பினாள்.

மண்டபத்தில் ரெக்கார்டிங் என்கிற யோசனையே அவனுடையதுதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஸ்டுடியோவுக்குக் கொட்டிக் கொடுக்க வக்கில்லாமல் நாலு பேரும் டீக்கடையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றபோது, “ஆடியில எவன்டா கல்யாணம் பண்றான்? மண்டபமெல்லாம் காத்தாடும், கேட்டா சும்மாவே குடுப்பான்” என்றான். டெரன்ஸ் அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமே கொடுத்துவிட்டான். ஆல்பத்துக்குப் பெயரும் அங்கேயே, அந்த டீயிலேயே கிடைத்துவிட்டது. மேனேஜர் சாவியைக் கொடுக்கும்போது, “கல்யாணமில்லாத மண்டபத்துல மேளச் சத்தம் கேட்டா நல்ல சகுனம்தாங்க, இந்தப் பொண்ணுக்குச் சீக்கிரம் இங்கியே நடக்கும் பாருங்க” என்று சுகிர்தாவைப் பார்த்துச் சொன்னார், வியாபாரத்துக்குச் சொன்னார், ஆனால் பலித்துவிட்டது. ஜமுக்காளங்களை எடுத்துச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டார்கள். மணமகள் அறையில் மெத்தைகளை நிறுத்திப் பாடுகிறவளுக்குக் கூடு கட்டினார்கள். பந்தி மேசையில் ஹபீப் தன் கம்ப்யூட்டரையும் ஒயர்களையும் பரப்பினான். முதல் நாள் காலை, எல்லாம் தயார், தணிகைவேல் குச்சியைத் தூக்கினான். தெருமுனை அம்மன் கோயிலின் குழாய் ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கியது. ஆடி மாசம்! கல்யாணம் இருக்காது என்பது நினைவிருந்தது, தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் ஸ்பீக்கர் இருக்கும் என்பது நினைவில்லை. டெரன்ஸ் சர்ச்சுக்குப் போகிறவன், ஹபீப் மசூதிக்குப் போகிறவன், விடலாம். தணிகைவேல் பிறந்து வளர்ந்த வீடு அம்மன் கோயில் சுவரை ஒட்டின வீடு. ஆடி மாசம் பூராவும் அந்த ஸ்பீக்கருக்கு அடியில் பல் தேய்த்து, பாடம் படித்து, பரீட்சையில் தோற்றவன். அவனுக்கு எப்படி மறந்தது? நாலு பேரும் நடு மண்டபத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு சுகிர்தாதான் முதலில் சிரித்தாள், விழுந்து விழுந்து சிரித்தாள், ஜமுக்காளத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அதுவும் சுவரிலிருந்து கழன்று வந்துவிட்டது. நாலு பேரும் அந்தத் தூசியில் உட்கார்ந்து தும்மிக்கொண்டே சிரித்தார்கள்.

இப்போதும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து நாற்காலிப் பெரியவர், குழந்தையைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று நினைத்து, “அப்பா மாதிரியே இருக்கா” என்றார். தணிகைவேல் தலையை ஆட்டி வைத்தான், டெரன்ஸின் மூக்கு தனக்கு எங்கே இருக்கிறது என்று விளக்க இது நேரமில்லை. போன் மறுபடி உறுமியது. இந்தத் தடவை நீளமாக, யாரோ பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார்கள், பத்தி பத்தியாக எழுதுகிறவன் திட்டத்தான் எழுதுவான், பாராட்டுகிறவன் ஒரு படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுவான். உறுமல் நோராவின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும், தூக்கத்திலேயே பொக்கை வாயால் சிரித்தாள். சிரிடி கண்ணு, நீயாவது சிரி. அரிசி கையில் ஊற ஆரம்பித்துவிட்டது. இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போனால் அட்சதை பொங்கலாகிவிடும், அதை வீசினால் மணமக்கள் மேல் விழாது, ஒட்டும். ஐயர் பாட்டுக்கு நிதானமாக ஓதிக்கொண்டிருந்தார். தாலித் தட்டு இன்னும் முதல் வரிசையையே தாண்டவில்லை, ஒவ்வொருவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள், ஒரு அத்தை அதை வாங்கி எடை பார்க்கிற தினுசில் தூக்கியே பார்க்கிறாள். அதுவரைக்கும் இந்தக் கை இப்படியேதான். அதுவரைக்கும் ஐந்தாவது பாட்டு.

சரி, வந்தது வந்துவிட்டது. ‘பாய் விரிச்சாச்சு.’ ஒரே அறை வீட்டில் ஆறு பேர் படுக்கிற நேரத்தைப் பற்றின பாட்டு, சுகிர்தா பிறந்து வளர்ந்த வீடு அது. விளக்கை அணைக்கிறார்கள், யாரோ இருமுகிறார்கள், யாரோ இன்னும் ஒரு வார்த்தை பேசிவிடுகிறார்கள், பேச்சு அடங்குகிறது. பிறகு நடுவில் ஒரு சும்மா. அவள் அதை அப்படித்தான் சொல்வாள், “இங்க ஒரு சும்மா வருது”. யாரும் எதுவும் வாசிக்கக் கூடாது, பாடக் கூடாது, மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கலாம், எல்லாரும் தூங்கிப்போன பிறகு அந்த அறையில் இருக்குமே, அது. எல்லாப் பாட்டையும் அடித்துத் திருத்தி மாற்றினவள், அந்தச் சும்மாவை மட்டும் முதல் நாள் எப்படி வைத்தாளோ அப்படியே வைத்திருந்தாள். அதற்காகவே மற்ற ஏழு பாட்டையும் எழுதினாளோ என்று ஹபீப் கேலி செய்வான். ஆடியின் கடைசி நாள்வரை அந்தப் பாட்டைப் பதிவு செய்ய முடியவில்லை, ஸ்பீக்கர் ஓயவேயில்லை. சுகிர்தாவே நேரில் போய்க் கோயில் கமிட்டிக்காரர்களிடம் நின்றாள். “பாட்டா பாடறீங்க? அம்மன் பாட்டா? இல்லியா? பரவால்லம்மா, மத்தியானம் கூழ் ஊத்தற நேரத்துல நிறுத்தறோம், நீங்களும் வந்து குடிச்சுட்டுப் போங்க” என்றார்கள். போனார்கள், குடித்தார்கள். சொம்புச் சொம்பாகக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. டெரன்ஸ் மூணு சொம்பு. தணிகைவேலும் லேசுப்பட்டவன் இல்லை. வயிறு முட்ட, கண் செருக, மேடையில் ஏறி உட்கார்ந்தான். ஸ்பீக்கர் நின்றுவிட்ட தெருவில் காக்கா கத்துவது கேட்டது. ஹபீப் கையைக் காட்டினான், பாட்டு தொடங்கியது, அந்த மாதிரி அழகாக அவள் அதற்கு முன் பாடினதே இல்லை. சும்மா வந்தது. நாலு பேரும் நிறுத்தினார்கள்.

அப்போது தெருக்கோடியில் கரகம் திரும்பி வந்தது, பம்பை அடித்துக்கொண்டு வந்தது. யார் செய்த குற்றம்? கமிட்டிக்காரர்கள் ஸ்பீக்கரை நிறுத்துவதாகத்தானே சொன்னார்கள், பம்பையைப் பற்றி யார் பேசினார்கள். ஜமுக்காளத்தையும் சுவரையும் தாண்டி மெலிசாகத்தான் வந்தது, டுக்கு டுக்கு டும், டுக்கு டுக்கு டும், தொலைவில், தூக்கத்தில் கேட்கிற மாதிரி. தணிகைவேல் காதில் மாட்டியிருந்த கருவியின் ஒரு பக்கத்தை வியர்வைக்காக விலக்கி வைத்திருந்தான், ஒரு காதில் தாளம் காட்டுகிற டிக் டிக், இன்னொரு காதில் பம்பை. சின்ன வயதில் ஆடி மத்தியானம் கூழ் குடித்துவிட்டு அந்தச் சுவரோரமாகப் படுத்தால் பம்பை முதுகு வழியாகத்தான் உள்ளே வரும். அவன் எதையும் நினைக்கவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்வான். கை போயிற்று. கை பாட்டுக்குப் பக்கத்து டிரம்முக்குப் போயிற்று, டுக்கு டுக்கு டும், முதலில் விரலால் தட்டுகிற அளவுக்கு, பிறகு வெளியே பம்பை நெருங்க நெருங்க உள்ளேயும் அது ஏற, ஒரு சுற்றில் பாழாய்ப்போன குச்சி வியர்வையில் நழுவிக் கீழே விழுந்தது, ஒரு அடி காணாமல் போனது, உதிரிக் குச்சியை உருவி மறுபடி டும். அதற்குள் டெரன்ஸும் சேர்ந்துகொண்டான், ஹபீப் கிடாரில் என்னவோ கீறினான், சுகிர்தா மணமகள் அறைக்குள்ளிருந்து கடைசி வரியை அந்த அடி மேலேயே எடுத்தாள், பாட்டு முடிந்தது. முடிந்த பிறகுதான் அவனுக்கு முழிப்பு வந்தது. அவளுடைய சும்மாவில், அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே இடத்தில், அவன் கொட்டு அடித்திருக்கிறான்.

“இன்னொரு தடவை எடுத்துரலாம்” என்று அவனேதான் சொன்னான். வெளியே பம்பை போகவில்லை, கோயிலுக்கு எதிரே நின்று விளையாடிக்கொண்டிருந்தது, சாயங்காலத்துக்குள் போகிற மாதிரியும் இல்லை. மறுநாள் ஆவணி, மண்டபத்தில் கல்யாணம், காலையிலேயே வாழைமரம் கட்டப்போகிறார்கள். சுகிர்தா கூட்டைவிட்டு வெளியே வந்தாள், நெற்றியில் முடி ஒட்டியிருந்தது, கீழே கிடந்த குச்சியைக் குனிந்து எடுத்து அவன் கையில் கொடுத்தாள், “இருக்கட்டும்” என்றாள். அவ்வளவுதான். இருக்கட்டும். ஆறு மாசமாக அந்த ஒரு சொல்லை அவன் எத்தனை விதமாகத்தான் சொல்லிப் பார்க்கவில்லை! குளிக்கும்போது சொல்லிப் பார்த்தான், வேலை பார்க்கிற ஒர்க்‌ஷாப்பில் ரயில் பெட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தான். இலையில் சாம்பார் கூடக் கொட்டிவிட்டால் இருக்கட்டும் என்கிறோம். புதுச் சட்டையில் எவனாவது டீயைச் சிந்திவிட்டு மன்னிப்புக் கேட்டால் இருக்கட்டும் சார் என்கிறோம், உள்ளுக்குள் அவனைக் கழுத்தை நெரித்துக்கொண்டே. வேண்டாத பரிசை வாங்கும்போதும் இருக்கட்டும்தான். அவள் குனிந்து எடுத்தாளே, அப்போது முகம் தெரியவில்லை. நிமிர்ந்தபோது சிரித்தாளா? சிரித்த மாதிரிதான். அதுவும் களைத்துப்போனவர்கள் சிரிக்கிற சிரிப்புதான். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை, வேறு எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கிச் சண்டை போட்டு மாற்றினாள், அதை மட்டும் தொடவில்லை. பாவம், இவன் மனசு நோகக் கூடாது என்று விட்டிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள்தான். வீட்டில் மனைவி கோமதியிடம் போட்டுக் காட்டினான். அவள் தோசை மாவைக் கரைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அந்தத் ‘தான்’ அவனை ஒரு வாரம் தூங்கவிடவில்லை.

இத்தனைக்கும் அவனுக்கு இன்னொரு பெயரே கடிகாரம். கடிகாரம் தணிகை. குடித்துவிட்டு அடித்தாலும் தப்பாது, காய்ச்சலில் அடித்தாலும் தப்பாது. முதல் ஆல்பம் வந்தபோது ஒரு பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு எழுதினார்கள், சுகிர்தாவின் குரலுக்கு ஒரு பத்தி, ஹபீபின் கிடாருக்கு ஒரு பத்தி, டெரன்ஸின் தொப்பிக்குக்கூட ஒரு வரி. கடைசியில், ‘டிரம்ஸும் இருக்கிறது’. டிரம்ஸும் இருக்கிறது! கலியாண வீட்டில் மோரும் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. அன்றைக்கு டெரன்ஸ் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான், அவனும் கூடவே சிரித்தான், ராத்திரி வீட்டுக்குப் போய்க் கோமதியிடமும் சிரிப்பாகவே சொன்னான், அப்புறம் தலையணையில் முகம் புதைத்துப் படுத்தான். இருக்கிறது என்றாவது எழுதினானே, தப்பு என்று எழுதவில்லையே, அந்த மட்டும் போதும் என்று இன்னும் கவனமாக, இன்னும் இறுக்கமாக அடித்தான். அப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். இப்போது தப்பும் ஆயிற்று, அதுவும் தன் பாட்டில் இல்லை, அவள் பாட்டில். அவள் வேறு வழியில்லாமல்தான் அதை வைத்தாள் என்று தெரிந்துவிட்டால், இன்று பந்தி முடிந்து, போட்டோ முடிந்து, நல்லபடியாக எல்லாம் முடிந்த பிறகு, “சுகி, அடுத்ததுக்கு நல்ல டிரம்மரா பாத்துக்கோங்க, நான் கேக்க வந்துர்றேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவது என்று முடிவு. சிரித்துக்கொண்டே சொல்ல முடியுமா என்று கண்ணாடி முன் ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று, முடிந்தது, கொஞ்சம் மூக்கு சிவந்தது, அவ்வளவுதான். குச்சியில்லாமல் இருப்பது எப்படி இருக்கும்? ரயில் பெட்டி இருக்கிறது, கோமதி இருக்கிறாள். கை இருக்குமே, கையை என்ன செய்வது?

தாலித் தட்டு வந்துவிட்டது. வலது கையில் அரிசி, இடது கையில் நோரா, எதால் தொடுவது? தட்டைப் பிடித்திருந்த அம்மாள் அவனுடைய கஷ்டத்தைப் பார்த்துவிட்டு, “முட்டியால தொடுப்பா, பரவால்ல, மனசுதானே” என்றாள். மூடின கையின் முட்டியால் மஞ்சள் கயிற்றைத் தொட்டான். நல்லா இருக்கணும் இந்தப் பொண்ணு, எனக்குக் கோபமெல்லாம் இல்லை, அவளுக்கு என் மேல் இருந்தாலும் நியாயம்தான், நல்லா இருக்கணும். ஆணி குத்தாமல் இருக்கணும். தட்டு நகர்ந்தது.

“முந்திரியை அள்ளிப் போட்டிருக்கான் மச்சி பொங்கல்ல, நீ சீக்கிரம் போ, தீந்துரும்” என்று வெற்றிலை மணக்க டெரன்ஸ் வந்து பக்கத்தில் விழுந்தான். மகளைப் பார்த்தான், “தூங்கறாளா, அப்ப வெச்சுக்க” என்றுவிட்டுத் தன் போனை எடுத்தான்.

“டேய், புள்ளையை வாங்குடா. கை மரத்துப்போச்சு.”

“இரு, முழிச்சுக்குவா. போன் பாத்தியா நீ? எழுதித் தள்ளியிருக்கானுங்க.”

தணிகைவேல் குழந்தையோடு அவன் பக்கம் சாய்ந்தான். “திட்டியா?”

“படிச்சாதானே தெரியும். ஸ்க்ரோல் பண்ணவே கை வலிக்குது.”

“டெரன்ஸு, அந்த ஆணியைக் கழட்டினமா? மேடையில அடிச்சது?”

“எந்த ஆணி? அட, அதுவா! அன்னிக்கே நான் கழட்டிட்டேன், எங்க வீட்ல காலண்டர் மாட்டியிருக்கேன்.” டெரன்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தான். “இன்னாடா ஆச்சு உனக்கு, மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு? கல்யாணம் உனக்கா அவளுக்கா?”

ஒரு கவலை தீர்ந்தது. காலண்டர் மாட்டியிருக்கிறானாம், நல்லா இருக்கட்டும். நிம்மதியாக மேடையைப் பார்த்தான். தட்டு மேடைக்குத் திரும்பிவிட்டது, ஐயர் தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுக்கக் காத்திருந்தார், யாரோ ஒரு மாமா படம் எடுப்பவரை இப்படி வா அப்படி வா என்று விரட்டிக்கொண்டிருந்தார், எல்லாரும் எழுந்து நிற்கத் தொடங்கினார்கள். சுகிர்தா தலையைக் குனிந்திருந்தாள். பயம்தான் அவளுக்கு, பாட மேடை ஏறுவதற்கு முன் இருப்பாளே அதே பயம், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டிருந்தாள். மருதாணி போட்ட வலது கை முழங்கால் மேல் பட்டுச் சேலையில் கிடந்தது. விரல்கள் ஆடின. ஏதோ நடுக்கம் என்று நினைத்தான். இல்லை, ஆட்டம் இல்லை, தட்டுகிறாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், பிறகு உள்ளங்கையின் அடி. டுக்கு டுக்கு டும். டுக்கு டுக்கு டும். அம்மன் கோயில் பம்பையாகவும் இருக்கலாம், அந்தத் தெரு முழுக்க அதைத்தான் அடிக்கும், அவளுக்கும் கேட்டுக் கேட்டு ஊறியிருக்கும், உனக்கு ஏன்டா இந்தப் பேராசை. டுக்கு டுக்கு டும். டுக்கு டுக்கு. விரல் மேலேயே நின்றது. விழவில்லை. காற்றில் ஒரு அடி நேரம் அப்படியே நின்று, பிறகு விழுந்தது, டும். குச்சி விழுந்த இடம்! எந்தப் பம்பைக்காரனும் அந்த இடத்தில் குச்சியைக் கீழே போடவில்லை, அவன் ஒருவன்தான் போட்டான். மறுபடி முதலிலிருந்து தட்டினாள், அதே இடத்தில் விரல் நின்றது, காத்திருந்தது, விழுந்தது. அவனைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, அவள் தட்டுவது அவளுக்கே தெரியாது, தைரியத்துக்காகத் தட்டிக்கொண்டிருந்தாள். பாவம் பார்த்து வைத்ததை யாராவது தன் கல்யாணத்தில் இப்படித் தட்டுவார்களா? அவளுடைய அந்தச் சும்மா எங்கேயும் போகவில்லை, அந்த ஒரு அடிக்குள் பத்திரமாக இருந்தது. தணிகைவேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை, புகை என்று சொல்லிக்கொள்ளலாம்.

“டேய் டேய், இதைக் கேளு” என்று டெரன்ஸ் அவன் முழங்கையைப் பிடித்து உலுக்கினான். “எவ்ளோ பெருசா எழுதியிருக்கான் பாரு. ‘அஞ்சாவது பாட்டு நடுவுல அந்த டிரம்மர் ஒண்ணு பண்றான் பாருங்க’...”

“கெட்டி மேளம்! கெட்டி மேளம்!” என்று ஐயர் கையை ஓங்கி வீசினார். ரெண்டு தவிலும் நாதஸ்வரமும் ஒன்றாக வெடித்தன, மண்டபம் அதிர்ந்தது, பலகை போட்ட அந்த மேடை அதிர்ந்தது, தொப்புளில் கேட்டது. நோரா திடுக்கிட்டு விழித்து, அழுவதா சிரிப்பதா என்று யோசித்து, சிரிக்க முடிவு செய்தாள். டெரன்ஸின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. நாலா பக்கத்திலிருந்தும் அரிசி பறந்தது. எல்லாரும் வீசி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு, பொங்கல் இருக்குமா என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பின பிறகுதான் தணிகைவேலுக்குத் தன் கை இன்னும் மூடியிருப்பது தெரிந்தது. வீசினான். ஈர அரிசி மேடைவரைகூடப் போகவில்லை, முன் வரிசைப் பெரியவரின் வழுக்கையில் கொத்தாக விழுந்து ஒட்டிக்கொண்டது. அவர் திரும்பி முறைத்தார்.

மேளம் ஓய்ந்ததும் டெரன்ஸ் அவன் காதுக்குள் கத்தினான். “எவ்ளோ நேரமா படிச்சிக்கினு இருக்கேன், இன்னா எழுதியிருக்கான்னு கேக்கமாட்டியாடா?”

“இருக்கட்டும்டா” என்றான் தணிகைவேல்.